தொட்டியின் உள்தோலில் நானோ களிமண்: ஒரு எஃப்.ஆர்.பி. பட்டறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு சிறு எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்து வலுவூட்டிய பிளாஸ்டிக்) பட்டறை, சாய ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தொட்டிகளும் மூடிகளும் செய்து கொடுத்துவந்தது. வேலை பெரும்பாலும் கை லே-அப்: அச்சின் மேல் இழை விரிப்பை வைத்து, ரெசினைப் பூசி, ரோலரால் உருட்டுவது. ஐசோஃப்தாலிக் பாலியஸ்டர் ரெசின், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு), 610 கிராம் வோவன் ரோவிங் (நெய்த இழைத் துணி), உட்புறத்தில் சி-கிளாஸ் சர்ஃபேஸ் மேட் (மெல்லிய பரப்பு விரிப்பு) ஆகியவை வழக்கமான சரக்கு. ரெசினை இறுகவைக்க 1.5% எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு கேட்டலிஸ்ட், அதை வேகப்படுத்த 0.3% கோபால்ட் ஆக்சிலரேட்டர். தட்டையான மூடிகளை மட்டும், உலர்ந்த இழைக்குள் வெற்றிடத்தால் ரெசினை இழுக்கும் வேக்குவம் இன்ஃப்யூஷன் முறையில் செய்தார்கள்.

இந்தத் தொட்டிகளில் ஒரு தொகுதி, ஆவியாக்கிகளில் நீராவி குளிர்ந்து மீளக் கிடைக்கும் தண்ணீரைச் சேமிக்கப் போனது. உப்போ சாயமோ இல்லாத, ஏறக்குறைய தூய நீர். 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூடு. உப்பில்லாத வெந்நீர் எஃப்.ஆர்.பி.க்கு எளிய சுமை என்று பலரும் நினைப்பதுண்டு. கொப்பளக் கணக்கில் அது நேர் எதிர். நீர் எவ்வளவு தூயதோ, லேமினேட்டுக்குள் (இழையும் ரெசினும் அடுக்காகச் சேர்ந்த சுவருக்குள்) உள்ள கரைபொருளை நோக்கி அது அவ்வளவு வலுவாக ஊடுருவும்.

இரண்டாம் ஆண்டில் தொட்டிகளின் உட்சுவரில் கொப்பளங்கள் எழுந்தன. சிறியவை பருப்பளவு, பெரியவை ஒரு ரூபாய்க் காசளவு. நீர்க்கோட்டுக்குக் கீழேதான் அதிகம். வெயில் படாத, வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும் பக்கத்தில் கூடுதல்.

முதல் பார்வையில் கிடைத்தவை

பட்டறை உரிமையாளர், அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றின் பொருளறிவியல் ஆய்வகத்தை அணுகினார். ஆசிரியர் ஒருவரும் முதுநிலை மாணவர் இருவரும் தொட்டியை நேரில் பார்த்து, ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்தார்கள்.

கொப்பளத்தைக் குத்தியதும் பிசுபிசுப்பான திரவம் வந்தது, புளித்த நெடி, பி.எச். தாளில் அமிலம் காட்டியது. கொப்பளத்தின் தளம் சர்ஃபேஸ் மேட்டுக்கும் முதல் சாப்டு மேட்டுக்கும் நடுவிலோ, முதல் மேட்டின் உள்ளேயோ இருந்தது. மேட்டின் இழைக் கற்றைகள் வெள்ளையாகத் துலங்கின; அதாவது ரெசின் கற்றைக்குள் சரியாக இறங்கவில்லை, அல்லது இறங்கியது பின்னர் விட்டுப்போயிருக்கிறது. பார்கோல் கடினமானியில் உட்பரப்பு பல இடங்களில் 30-ஐத் தொடவில்லை. அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்தபோது பரப்பு லேசாக ஒட்டியது. ரெசின் முழுதாக இறுகவில்லை என்பதற்கு இதைவிட எளிய அடையாளம் கிடையாது.

பட்டறை வாங்கிய மேட், எமல்ஷன் வகைப் பிணைப்பான் கொண்டது என்பதும் அப்போது தெரிந்தது. இழைகளை மேட்டாகப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பிணைப்பான் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. தூள் வகைப் பிணைப்பான், ரெசினை இளக்கமாக வைத்திருக்கும் ஸ்டைரீனில் கரைந்து ரெசினோடு கலந்துவிடும். நீர் தாங்கும் வேலைகளுக்கு அதுவே உகந்தது.

உரிமையாளரின் மனம் ஏற்கெனவே வேறொன்றில் போயிருந்தது. பொருட்காட்சி ஒன்றில் நானோகிளே (நானோ களிமண்) விற்பனையாளர் ஒருவர், 5% கலந்தால் நீர் புகாது, வலிமையும் கூடும் என்று சொல்லியிருந்தார். கட்டமைப்பு அடுக்கு உட்பட மொத்தத் தொட்டியையும் 5% களிமண் ரெசினில் செய்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆய்வகம் மறுக்கவில்லை. ஆனால் களிமண் எதை மாற்றும், எதை மாற்றாது என்பதைத் தனித்தனியே பார்த்த பிறகே தொட்டியில் கைவைப்பது என்று பேசி முடித்தார்கள்.

களிமண் என்ன செய்யக்கூடும்: கையிலிருந்த கணக்கு

தேர்ந்த சரக்கு கரிமம் ஏற்றிய மான்ட்மோரில்லோனைட் என்ற ஏட்டடுக்குக் களிமண். இதன் ஏடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 நானோமீட்டர் தடிப்பும், சில நூறு நானோமீட்டர் அகலமும் கொண்டது. இயல்பான சோடியக் களிமண்ணில் ஏடுகள் 1.2 நானோமீட்டர் இடைவெளியில் இறுக அடுக்கியிருக்கும். ரெசின் உள்ளே நுழையாது. ஹைட்ராக்சில் குழுக்கள் கொண்ட குவாட்டர்னரி அம்மோனியம் உப்பை ஏற்றிய வகையில் இந்த இடைவெளி ஏறக்குறைய 1.85 நானோமீட்டர். பாலியஸ்டரோடு ஒட்டிப் பழகுவது அந்த வகைதான்.

பையில் 100 கிராம் வாங்கினால் அதில் 30 கிராம் கரிம உப்பு. உண்மையான கனிமம் 70 கிராம்தான். எனவே ரெசின் 100 பங்குக்கு 2 பங்கு சேர்த்தால், ஏடாகக் கிடைப்பது 1.4 பங்கு. கன அளவில் அது நூற்றில் முக்கால் பங்குக்கும் குறைவு.

இவ்வளவு சிறிய அளவு நீரைத் தடுக்குமா என்பதற்கு நீல்சனின் வளைபாதை மாதிரி ஒரு மதிப்பீடு தரும். ஊடுருவல், 1 + (அகல-தடிப்பு விகிதத்தில் பாதி × கன அளவு விகிதம்) என்ற எண்ணால் வகுபடும். கன அளவு 0.0065, விகிதம் 100 என்றால் ஊடுருவல் ஏறக்குறைய கால் பங்கு குறையும். அதே களிமண் பத்துப் பத்து ஏடுகளாக ஒட்டிக்கொண்டு கிடந்தால் விகிதம் 10-க்கு அருகே இறங்கிவிடும். குறைவு 4 சதவீதத்தைத் தாண்டாது. களிமண்ணின் அளவு மாறவே இல்லை. பிரிந்த விதம்தான் மாறியது. சாதாரணமாகக் கலக்கிய 5 பங்கு, நன்றாகப் பிரித்த 2 பங்குக்கு ஈடாகாது என்பதை உரிமையாளருக்குப் புரியவைத்தது இந்த ஒரு கணக்குதான். ஏடுகள் எல்லாம் சுவருக்கு இணையாகப் படுத்திருக்கும் என்று அந்தச் சமன்பாடு வைத்துக்கொள்கிறது. உண்மையில் அப்படிப் படுக்காது. பயன் இன்னும் குறையும்.

முதல் கட்டம்: கலக்குவதில் வந்த சிக்கல்

மாணவர்கள் எபாக்சி ஆய்வுகளில் பரவலாக உள்ள முறையோடு தொடங்கினார்கள்: ரெசினை 60 முதல் 80 டிகிரிக்குச் சூடாக்கி, பாகுநிலையை இறக்கி, களிமண்ணைப் போட்டுக் கலக்குவது. எபாக்சியில் இது நடக்கும். ஆறவைத்த பிறகு ஹார்டனர் சேர்த்தால் போதும். பாலியஸ்டரில் கூடாது. அதில் ஏறக்குறைய 40% ஸ்டைரீன். அதன் ஆவி பொறி பட்டால் தீப்பற்றக்கூடிய வெப்பநிலை 31 டிகிரிதான். கோடைக்காலப் பட்டறையின் சாதாரண வெப்பமே அந்த அளவு. 60 டிகிரியில் கலக்கியபோது ஸ்டைரீன் ஆவியாகிப் போனது, ரெசின் தடித்தது, நெடி தாங்காமல் அறையைக் காலிசெய்ய வேண்டிவந்தது. அன்றோடு அந்த முறை நிறுத்தப்பட்டது.

பிறகு வந்த விதிகள் இவை. களிமண்ணை 80 டிகிரி அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் ஆறவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஏடுகள் பிரியாது, கோபால்ட்டின் வேலையும் கெடும். கலக்கும்போது பாத்திரம் மூடியிருக்க வேண்டும், வெளியே குளிர்நீர் ஓட வேண்டும், ரெசின் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. தீப்பொறி தெறிக்காத மோட்டார் அல்லது காற்றழுத்த மோட்டார் மட்டும். தூளைக் கொட்டும்போது முகக்கவசம் கட்டாயம். ஒரு கிலோ தூள் நாலைந்து லிட்டர் இடம் பிடிக்கும். கொஞ்சம் அசைத்தாலும் பறக்கும்.

ஆய்வகத்தில் மீயொலிச் சோனிகேட்டர் இருந்தது. 200 கிராம் ரெசினைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, 10 விநாடி ஓட்டி 10 விநாடி நிறுத்தி இயக்கியபோது நல்ல பரவல் கிடைத்தது. ஆனால் ஒரு தொட்டியின் உள் அடுக்குக்கே பல பத்துக் கிலோ ரெசின் வேண்டும். 200 கிராமில் கிடைத்த முடிவைப் பட்டறைக்கு எடுத்துப் போக முடியாது. நானோ களிமண் ஆய்வுகள் பலவும் ஆய்வகத்தோடு நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

பெயிண்ட் தொழிலில் உள்ள பல்விளிம்பு வட்டத் தகட்டுக் கலக்கி இதற்குக் கைகொடுத்தது. 80 மி.மீ. தகடு, நிமிடத்துக்கு 4,000 சுற்று. விளிம்பு வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். முதலில் 2 பங்கை நேரடியாகப் போட்டுக் கலக்கினார்கள். ரெசின் நீர்த்தாற்போல் இருந்ததால் தகடு வழுக்கிக்கொண்டு சுற்றியது, கட்டிகள் உடையவில்லை. 8 பங்கு களிமண்ணோடு தடித்த தாய்க்கலவை செய்தபோது தகட்டின் இழுவிசை கட்டிகளுக்குள் இறங்கியது. பின்னர் அதை வெறும் ரெசினால் தளர்த்தினார்கள். 5 கிலோ ரெசினும் 400 கிராம் களிமண்ணும் சேர்ந்த 5.4 கிலோ தாய்க்கலவைக்கு 15 கிலோ வெறும் ரெசின். கிடைப்பது 2 பங்குக் கலவை.

பரவலைச் சரிபார்க்க பெயிண்ட்காரர்களின் ஹெக்மன் கேஜ் போதுமானதாக இருந்தது. வந்த தூளில் பாதி 6 மைக்ரானுக்குக் கீழ், பத்தில் ஒன்பது பங்கு 13 மைக்ரானுக்குக் கீழ். கேஜில் 10 மைக்ரானுக்கு மேல் கோடு விழுந்தால் மறுபடி கலக்குவது என்று வைத்துக்கொண்டார்கள். நானோ அளவில் பிரிந்ததா என்பதை அந்தக் கேஜ் சொல்லாது. பிரியாத கட்டியைக் காட்டிக்கொடுக்கும். பட்டறைக்கு அது போதும்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் களிமண்ணின் உச்சம் 4.8 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 2.5 டிகிரிக்கு நகர்ந்தது, ஏட்டிடைவெளி 1.85-லிருந்து 3.5 நானோமீட்டராக விரிந்திருக்கிறது. ரெசின் ஏடுகளின் இடுக்கில் நுழைந்துவிட்டது. ஏடுகள் தனித்தனியே உரிந்துபோகவில்லை. இழை சேர்ந்த லேமினேட்டில் அந்த உச்சம் தெரியவே இல்லை. உச்சம் மறைந்ததை முழுப் பிரிவு என்று எழுதிவிடும் வழக்கம் ஆய்வேடுகளில் நிறைய உண்டு. லேமினேட்டில் களிமண்ணின் அளவே மிகக் குறைவு, கண்ணாடி இழையின் கதிர்ச் சிதறலும் பின்னணியாக மேலே படிகிறது. உச்சம் மறைய இவையே போதும். மின்னணு நுண்ணோக்கி இல்லாமல் அப்படிச் சொல்ல முடியாது.

இழைக்குள் ரெசின் இறங்காத கதை

2 பங்கு, 5 பங்கு இரண்டிலும் தட்டுகள் போட்டார்கள். 5 பங்குக் கலவையோடு லே-அப் செய்த தொழிலாளி முதல் மேட்டிலேயே நிறுத்திவிட்டார். “சார், உருட்டுற வரைக்கும் எளகுது, கையை எடுத்தா அப்படியே நின்னுக்குது. மேட்டுக்குள்ள எறங்கவே மாட்டேங்குது” என்றார்.

அவர் சொன்னது பாகுநிலைமானியிலும் தெரிந்தது. ப்ரூக்ஃபீல்டு கருவியில் 6 சுற்றுக்கும் 60 சுற்றுக்கும் கிடைத்த அளவுகளின் வித்தியாசம், 5 பங்குக் கலவையில் பல மடங்கு. கரிமம் ஏற்றிய களிமண் பெயிண்டிலும் கிரீசிலும் வழியாமல் நிற்கவைப்பதற்காகவே சேர்க்கப்படும் பொருள். உருட்டும்போது இளகும், விட்டதும் கெட்டிப்படும். ஆனால் இழைக் கற்றைக்குள் ரெசின் இறங்குவது ரோலர் அழுத்தத்தால் மட்டுமல்ல. ரோலர் போன பிறகு நுண்துளை ஈர்ப்பால் மெல்ல மெல்ல உறிஞ்சப்பட்டும் இறங்குகிறது. அந்த இரண்டாவது வேலையைக் களிமண் நிறுத்திவிடுகிறது.

இதைச் சமாளிக்க மேற்பார்வையாளர் ஒரு தட்டில் ஸ்டைரீன் ஊற்றி இளக்கினார். லே-அப் எளிதானது; விலை வேறெங்கோ விழுந்தது. ஸ்டைரீன் சிறு மூலக்கூறு. பாலியஸ்டர் சங்கிலியைவிட விரைவாக ஏடுகளின் இடுக்கில் புகுந்துகொள்கிறது. வெளியே குறுக்குப் பிணைப்புக்கு வேண்டிய விகிதம் குலைகிறது. அந்தத் தட்டில் சுருக்கம் கூடியது, பார்கோல் இறங்கியது. கூடுதல் ஸ்டைரீன் சேர்ப்பதில்லை என்று அப்போதே முடிவானது.

மூடிகளுக்கான இன்ஃப்யூஷன் சோதனை இன்னும் தெளிவான பாடம். ரெசின் நுழையும் குழாயருகே தட்டு பால்நிறமாகவும், வெளியேறும் பக்கம் ஏறக்குறைய வழக்கமான தெளிவோடும் இருந்தது. இரு முனைகளிலும் துண்டெடுத்து 565 டிகிரியில் எரித்தபோது, நுழைவுப் பக்கத்தில் மட்டும் கண்ணாடி இழைகளின் மேல் மெல்லிய தூள் படிந்திருந்தது. கற்றைக்குள் இழைக்கும் இழைக்கும் உள்ள இடுக்கு சில மைக்ரான்தான். உடையாத களிமண் துகள் 6 முதல் 13 மைக்ரான். இழை விரிப்பே வடிகட்டியாக வேலை செய்திருக்கிறது. ஒரே தட்டில் ஒரு முனை கூடுதல் களிமண், மறு முனை வெறும் ரெசின். இப்படிப்பட்ட தட்டிலிருந்து மாதிரி வெட்டி, ‘3% நானோ களிமண் லேமினேட்’ என்று சராசரி எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பாகுநிலை கூடியதால் ரெசின் முனையும் நடுவழியில் தயங்கியது. இன்ஃப்யூஷனில் களிமண் வேண்டாம் என்று அத்தோடு விட்டார்கள்.

எரிப்புச் சோதனையில் இன்னொரு கண்ணி இருந்தது. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி 2584 முறையில் ரெசின் எரிந்து மீதமாவது கண்ணாடி என்று கொள்கிறோம். களிமண்ணின் கனிமமும் எரியாமல் மீந்துவிடும். லேமினேட்டில் பாதி ரெசின், அதில் 3 பங்கு களிமண் என்றால் இழை அளவு ஏறக்குறைய 1 சதவீதப் புள்ளி கூடுதலாகக் காட்டும். அதே ரெசினில் இழையில்லாத வார்ப்பை எரித்துச் சாம்பலைக் கணித்துக் கழித்தார்கள்.

இறுகும் நேரத்தின் மாற்றம்

25 டிகிரியில் 100 கிராம் கோப்பைச் சோதனையில், களிமண் கலந்த ரெசின் வெறும் ரெசினைவிடத் தாமதமாக ஜெல் ஆனது. உச்ச வெப்பமும் தணிந்திருந்தது. களிமண்ணில் எந்த உப்பு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது முந்தவும் செய்யலாம் என்பதால், ஒவ்வொரு புதுப் பைக்கும் கோப்பைச் சோதனை என்பது விதியானது.

தாமதத்தைப் போக்க கேட்டலிஸ்டைக் கூட்டலாம் என்பது பட்டறையின் முதல் யோசனை. ஆய்வகம் அதை ஏற்கவில்லை. ஜெல் ஆவது ஒன்று, முழுதாக இறுகுவது வேறு. தொட்டியின் பழைய குறையே இரண்டாவதுதான். கேட்டலிஸ்ட் 1.5 சதவீதத்திலேயே நின்றது. கோபால்ட் சற்று கூட்டப்பட்டது. லே-அப் முடிந்து ஒரு நாள் கழித்து 80 டிகிரியில் 4 மணி நேரம் பின்-இறுக்கம் சேர்க்கப்பட்டது. தொட்டிக்குத் தார்ப்பாய் போர்த்தி உள்ளே வெப்பக்காற்று ஊதுவதே அதற்கான ஏற்பாடு. கோபால்ட்டை முன்கூட்டியே மொத்த ரெசினில் கலந்துவிட வேண்டும், எம்.இ.கே.பி.யை அவ்வப்போது வேலைக்கு எடுக்கும் இரண்டு மூன்று கிலோவில் மட்டும் கலக்க வேண்டும். இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் வெடிக்கும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தாய்க்கலவை டப்பா என்ற புது டப்பா ஒன்று மேசைக்கு வந்ததால் லேபிள்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

வலிமைச் சோதனைகள்

இழை திசையில் இழுவலிமை மாறவில்லை. மாறாது என்பதே எதிர்பார்ப்பு. அந்தச் சுமையைத் தாங்குவது கண்ணாடி. வோவன் ரோவிங் உள்ள கட்டமைப்பு அடுக்கில் களிமண்ணைக் கொட்டுவதால் தொட்டிச் சுவர் சுற்றுவாட்டில் தாங்கும் வலிமை கூடாது. விற்பனையாளர் சொன்ன வலிமை உயர்வு, இழையில்லாத ரெசின் வார்ப்பில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

வளைவு விறைப்பு 2 பங்கில் சிறிது கூடியது. 5 பங்கிலும் கூடியது. ஆனால் வளைவு வலிமை குறைந்தது, ஐசாட் தாக்கு வலிமையும் குறைந்தது.

கவனிக்கத்தக்கது அடுக்கிடை வெட்டு வலிமை. ஏ.எஸ்.டி.எம். டி 2344 குறுந்துலாச் சோதனையில் 2 பங்குத் தட்டு வெறும் தட்டைவிடச் சற்று மேலே நின்றது. 5 பங்குத் தட்டு வெறும் தட்டுக்கும் கீழே போனது. களிமண் கூடினால் அடுக்குப் பிணைப்பு கெடும் என்று அதை அப்படியே எழுதிவிட்டிருக்கலாம். மெருகிட்ட குறுக்குவெட்டைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: 5 பங்குத் தட்டில் கற்றைகளுக்கிடையே காற்றுக்குமிழ்கள் நிறைந்திருந்தன. வெற்றிடம் 1% கூடினால் அடுக்கிடை வெட்டு வலிமை ஏறக்குறைய 7% குறையும் என்பது இழைக் கலப்புப் பொருட்களில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு.

எனவே மற்றொரு 5 பங்குத் தட்டு போட்டார்கள். இம்முறை கலவையை வேக்குவத்தில் காற்று நீக்கி, லே-அப்பை வேக்குவம் பையில் அழுத்தி எடுத்தார்கள். காற்று நீக்கும்போது அளவியில் 680 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவில்லை, அதற்குமேல் இழுத்தால் காற்றோடு ஸ்டைரீனும் போய்விடும். அந்தத் தட்டின் வெட்டு வலிமை வெறும் தட்டின் அளவுக்கு ஏறிவந்தது. விழுந்த வலிமைக்குப் பெரும்பாலும் காற்றே காரணம். ஆனால் 2 பங்குத் தட்டை அது மிஞ்சவும் இல்லை. அப்படியிருக்க, கூடுதல் 3 பங்குக்கும் அதற்கான வேக்குவத்துக்கும் செலவிட என்ன காரணம் இருக்கிறது? 5 பங்கு கைவிடப்பட்டது.

நீரும் கொப்பளமும்

24 மணி நேரம் ஊறவைக்கும் டி 570 சோதனையில் களிமண் தட்டுகள் தெளிவாகக் குறைந்த நீரை உறிஞ்சின. உரிமையாளர் அன்றே தொட்டி போட அவசரப்பட்டார். ஊறலை நீட்டியபோது வித்தியாசம் சுருங்கியது; 5 பங்குத் தட்டு இறுதியில் வெறும் தட்டைவிடச் சற்று கூடுதலாகவே நீர் பிடித்தது. களிமண் நீரின் பாதையை நீட்டுகிறது, வேகத்தைக் குறைக்கிறது. அதேசமயம் ஏட்டின் பரப்பும் கரிம உப்பும் நீருக்குத் தங்குமிடம் தருகின்றன. ஒரு நாள் சோதனை வேகத்தைத்தான் காட்டும். தொட்டியின் ஆயுளை அது சொல்லாது.

அசல் நிலைமைக்கு நெருங்க, ஒரு பக்கம் மட்டும் நீர்படும் அட்லஸ் செல் அமைத்தார்கள். தட்டின் உட்பக்கம் 60 டிகிரித் தூய நீர், வெளிப்பக்கம் அறைக் காற்று. உள்ளே சூடு, வெளியே குளிர்ச்சி என்ற அந்தச் சரிவு நீரை உள்ளே தள்ளும். தொட்டியில் குளிர்ந்த பக்கம் அதிகக் கொப்பளம் வந்ததும் இதனால்தான். 180 நாள் ஓட்டம். நான்கு வகைத் தட்டுகள்: பழைய முறை; பழைய முறையோடு 2 பங்கு களிமண்; களிமண் இல்லாமல் தூள் பிணைப்பான் மேட்டும் பின்-இறுக்கமும்; அதே திருத்தங்களோடு 2 பங்கு களிமண்.

பழைய முறைத் தட்டில் கொப்பளம் முதலில் வந்தது. பழைய முறையில் களிமண் சேர்த்ததில் கொப்பளம் தள்ளிப்போனது, நிற்கவில்லை. மேட்டையும் இறுக்கத்தையும் மட்டும் திருத்திய தட்டில் கடைசிப் பகுதியில்தான், அதுவும் விளிம்போரம் ஒன்றிரண்டு வந்தன. திருத்தத்தோடு களிமண்ணும் சேர்ந்த தட்டில் 180 நாளுக்குள் எதுவும் இல்லை. வெந்நீரில் ஊறிய பின் எடுத்த வளைவு வலிமையும் நான்கில் இதுவே அதிகம் தக்கவைத்தது.

வேலையின் பெரும்பகுதியைச் செய்தது மேட்டும் வெப்பக்காற்றும்தான். களிமண் அதன்மேல் ஒரு கூடுதல் காப்பு. இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தால், 5% களிமண் போட்ட தொட்டி ஒரு பருவம் தாமதமாகக் கொப்பளித்திருக்கும்.

முடிவும் தொட்டியில் செய்த மாற்றமும்

களிமண் உள்தோலுக்கு மட்டும் என்று தீர்மானமானது. ரசாயனத் தொட்டிகளின் உட்புறம், 90% அளவுக்கு ரெசின் உள்ள சர்ஃபேஸ் மேட் அடுக்கும் அதன்பின் சாப்டு மேட் அடுக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய 2.5 மி.மீ. தடிப்பில் அமைவது வழக்கம். நீரைத் தடுக்கும் பொறுப்பு அந்தத் தடிப்பினுடையது. அங்கே ரெசின்தான் ஆட்சி. களிமண் மாற்றக்கூடியதும் ரெசினைத்தான். சர்ஃபேஸ் மேட்டும் தூள் பிணைப்பான் கொண்ட இரண்டு 450 கிராம் மேட்டும் 2 பங்குக் கலவையில்; பின்னுள்ள ரோவிங் அடுக்குகள் வெறும் ரெசினில். கலவை தடிப்பதால் ஒரு மேட்டை நனைத்து, சில நிமிடம் விட்டு, மறுபடி உலோக ரோலரால் காற்றை எடுத்த பிறகே அடுத்த மேட்.

எதிர்பாராத தொந்தரவு ஒன்று வந்தது. களிமண் இல்லாத வெறும் லேமினேட் கண்ணாடிபோல் தெரியும். லே-அப் ஆள் குமிழைக் கண்ணாலேயே பார்த்து உருட்டி எடுப்பார். களிமண் கலவை மங்கல், குமிழ் மறைந்துவிடுகிறது. முதல் தொட்டியில் உள்தோலைத் தட்டிப் பார்த்தபோது சில இடங்களில் வெற்றொலி கேட்டது. அவற்றை அரைத்தெடுத்துத் திரும்பப் போட்டார்கள். அதன்பின் சர்ஃபேஸ் மேட்டுக்குப் பின்னுள்ள ஒவ்வொரு மேட்டையும் சாய்வாகப் பிடித்த விளக்கொளியில் பார்த்த பிறகே அடுத்ததைப் போட்டார்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத குமிழ் சாய்ந்த ஒளியில் நிழல் விழுந்து தெரியும்.

ஒவ்வொரு தொட்டியும் பட்டறையை விட்டுப் போகுமுன் உட்சுவரில் பார்கோல் 35-க்குக் குறையாமலும், அசிட்டோன் தேய்ப்பில் ஒட்டாமலும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடானது. வெந்நீர்த் தொட்டிகளுக்கு மட்டுமே களிமண். சாதாரண வெப்ப நீர்த் தொட்டிகளுக்கு மேட்டும் பின்-இறுக்கமும் போதும்.

பின்னர் நடந்தது

மாற்றிச் செய்த தொட்டிகள் ஓராண்டு கடந்த பின் காலிசெய்து பார்க்கப்பட்டன. கொப்பளம் இல்லை. அடியில் வெளியேற்றுக் குழாய் பொருத்திய இடத்தில் மட்டும் உள்தோல் வெளிறியிருந்தது. அங்கே துளையிட்ட விளிம்பை வெறும் ரெசினால் பூசியிருந்தார்கள். வெட்டிய இழை முனைகளின் வழியே நீர் ஏறியிருக்கிறது. பழைய தொட்டியும் இரண்டாம் ஆண்டில்தான் கொப்பளித்தது என்பதால், ஓராண்டுப் பார்வையை இறுதித் தீர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தாய்க்கலவையை நாட்கணக்கில் வைத்திருந்தபோது அடியில் கெட்டிப்பட்டது. கையால் கிண்டியது போதவில்லை. கலக்கியில் மறுபடி ஓட்டி, ஹெக்மன் கேஜில் பார்த்துவிட்டே எடுத்தார்கள். மழைக்காலத்தில் திறந்துவைத்த களிமண் பை ஈரம் ஏறிக் கோப்பைச் சோதனையில் பிடிபட்டது.

மறுமுறை செய்தால் மாற்ற வேண்டியவை

நான்கு வகைத் தட்டுச் சோதனை கடைசியில் வந்தது. அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். இறுக்கக் குறையும் மேட்டின் குறையும் முதல் நாளே கையில் இருந்த தடயங்கள்.

மாதிரி வெட்டும் இடத்தையும் முன்பே குறித்திருக்கலாம். இன்ஃப்யூஷன் தட்டில் நுழைவுப் பக்கம், நடு, வெளியேறும் பக்கம் என மூன்று இடத்திலும் சாம்பல் அளவு எடுக்காமல் எந்த வலிமைச் சோதனைக்கும் போகக் கூடாது. கை லே-அப்பிலும் வெற்றிட அளவு இல்லாமல் அடுக்கிடை வெட்டு வலிமையை ஒப்பிடுவது வீண்.

1 பங்கு அளவைச் சோதிக்கவே இல்லை. 2 பங்கில் கிடைத்த தாமதத்தின் பெரும்பகுதி 1 பங்கிலேயே கிடைத்துவிட்டால் லே-அப் வேலை பாதி இலகுவாகும், மங்கலும் குறையும். வினைல் எஸ்டர் ரெசினில் உள்தோல் போட்டுக் களிமண்ணே இல்லாமல் ஒரு தட்டும் அந்த வரிசையில் இருக்க வேண்டும். 60 டிகிரி நீருக்குப் பலர் எடுக்கும் நேர்வழி அது. விலை கூடுதல்தான், ஆனால் கலக்கி, உலர்த்தும் அடுப்பு, கூடுதல் ஆள்நேரம் எல்லாவற்றையும் களிமண் பக்கத்தில் எழுதிவிட்டே ஒப்பிட வேண்டும். வெட்டிய விளிம்புகளுக்கும் குழாய்த் துளைகளுக்கும் உள்தோல் பூசும் அதே 2 பங்குக் கலவையையும் ஒரு அடுக்கு சர்ஃபேஸ் மேட்டையும் கொண்டு மூடி, பின்-இறுக்கத்துக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.